மருத்துவர் கொடுத்த தாளில் 14 மதிப்பெண். இதில் என் நோய்க்கு எவ்வளவு, என் மனதுக்கு எவ்வளவு?

பொத்தான்_சண்டை எழுதியது:

முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க முக்கால் மணி நேரம், சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு சண்டை (பெயர்க்காரணம் புரிந்திருக்கும்). அதெல்லாம் பழகிவிட்டது, அதற்காகப் புலம்ப வரவில்லை.

போன மாதம் வழக்கமான செக்கப்புக்குப் போனபோது ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று டிக் அடிக்கச் சொன்னார்கள். தூக்கம் சரியில்லையா? சரியில்லை, புரண்டு படுத்தால் தோள்பட்டை எழுப்பிவிடுகிறது, 3 போட்டேன். களைப்பா? தினமும், அதற்கும் 3. பசி? மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, 2. மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக அசைகிறீர்களா? நான் படி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று எழுத அங்கே இடமில்லை, 2. கவனம் சிதறுவதற்கு 1. எதிலும் நாட்டமில்லை என்பதற்கு 1, மனம் சோர்ந்து கிடக்கிறது என்பதற்கு 2. மற்ற இரண்டுக்கும் பூஜ்ஜியம். கூட்டினால் 14. டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே "டிப்ரஷன் இருக்கும்மா, அதனாலதான் வலி அதிகமா தெரியுது" என்று சொல்லி கவுன்சலிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சரி என்று போனேன். இரண்டாவது நாளே ஓர் அட்டவணை. இடப்பக்கம் என் 'தவறான எண்ணம்', வலப்பக்கம் அதற்கு எதிரான ஆதாரம். 'இந்த வலி போகப்போவதில்லை' என்று எழுதினேன். பார்த்தீர்களா, இதுதான் தவறான எண்ணம், எதிர் ஆதாரம் யோசியுங்கள் என்றார். பையில் இருந்த எக்ஸ்ரேயை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. மூன்றாம் முறை போகவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நோய் ஒன்று இருப்பதால் எல்லாவற்றையும் அதன் தலையில் போடுகிறேனா, இல்லை எல்லோரும் எல்லாவற்றையும் என் மனதின் தலையில் போடுகிறார்களா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

நிலாமுகம் எழுதியது:

அக்கா, முதலில் மாத்திரைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். பிரெட்னிசலோன் டோஸ் ஏற்றிய முதல் வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு அலமாரியை எல்லாம் கலைத்து அடுக்கினேன், உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது, டோஸைக் குறைக்கும்போது ஒரு கரண்டி கீழே விழுந்ததற்கு ஒரு மணி நேரம் அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே நினைத்தேன். மருந்துக்கடைக்காரர்தான் "இது ஸ்டீராய்டு வேலைங்க" என்றார். அதுவரை யாருமே இப்படி ஆகலாம் என்று சொல்லி அனுப்பவில்லை.

ஸ்டீராய்டு மட்டும் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிரசிட்டாம் சிலருக்குக் கடுமையான எரிச்சலைக் கொண்டுவரும். ஹெபடைடிஸ் போன்றவற்றுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசி மனச்சோர்வைக் கொண்டுவருவதில் பேர்போனது. சுகருக்கான மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், பி12 குறைந்தால் சோர்வும் மந்தமும் தானாக வரும். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் திடீரென்று விட்டால் உடம்பு தானே சுரக்கவேண்டியதைச் சுரக்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கேட்டு, படிப்படியாகத்தான்.

நேர்ப்பேச்சு எழுதியது:

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் எல்லோரும் நோயைப் பற்றியே 24 மணி நேரமும் யோசிக்கிறீர்கள், அதுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி, நல்ல எண்ணம், நான்கு பேரோடு பழக்கம். கை கால் இல்லாதவர்கள் மலை ஏறவில்லையா? மனசு வைத்தால் எல்லாம் முடியும்.

நாலுசக்கரம் எழுதியது:

மலை ஏறினவர் வந்துவிட்டார். எங்கடா இன்னும் காணோமே என்று பார்த்தேன்.

நான் முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்து பதினோரு வருடம். ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒருவர் இருந்தார், அவரும் சக்கர நாற்காலிதான். மற்றவர்கள் தங்களைப் பற்றி நல்லதாக உணர்வதற்காக எங்களைக் காட்சிப் பொருளாக்குவதை 2014ல் ஒரு மேடையில் கிழித்துத் தொங்கவிட்டார். உங்கள் மலைக்கதை அந்தச் சரக்குதான். அந்த மனிதர் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு கழிப்பறைக் கதவு அவர் நாற்காலிக்கு அகலமாக இருந்ததா என்று யாராவது கேட்டார்களா?

அக்காவுக்கு: உங்களுக்கு நடந்ததன் மறுபக்கம் எனக்கு நடந்தது. என் அப்பா இறந்து நான்கு மாதம், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, அதற்காகத்தான் ஒரு தெரபிஸ்டிடம் போனேன். ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் என் காலைப் பற்றியே பேசினார். "நடக்க முடியாததை எப்படி ஏத்துக்கிறீங்க?" சார், அதை ஏற்றுக்கொண்டு பத்து வருடம் ஆகிறது, அப்பா போனதைத்தான் ஏற்க முடியவில்லை என்றால், உள்ளுக்குள் இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கம் கொடுக்கிறார். பெரிய அடையாளம் ஒன்று இருந்தால் மற்ற எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இந்தக் கோளாறுக்கு 1982லேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்து ஆராய்ந்து பெயரே வைத்துவிட்டார்கள், நோயறிதல் நிழல் என்று தமிழில் சொல்லலாம். நிழலில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும் அதன் குளிர்.

1999ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கணிசமான ஊனம் உள்ளவர்களில் பாதிக்கும் மேல் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதை நம்பமுடியவில்லை என்பதால் அதற்கு 'ஊன முரண்' என்று பெயர் வைத்தார்கள். முரண் எங்களிடம் இல்லை, பார்ப்பவர்களிடம்தான் இருக்கிறது. என்னைத் தினமும் சோர்வாக்குவது கால் இல்லை, லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். அந்தத் தெரபிஸ்டின் அறையே முதல் மாடியில்தான் இருந்தது, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வார்டுவாசி எழுதியது:

நீண்டகால நோயாளிகள் வரும் பிரிவில் நர்ஸாக இருபது வருடத்துக்கு மேல், இப்போது மனநலப் பக்கம். நீங்கள் சொல்கிற அந்தத் தாளை நானே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அது பிஎச்க்யூ-9, 2001ல் வந்தது, மொத்தம் 27, பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரி என்று அர்த்தம். விசாரி என்றுதான் அர்த்தம், தீர்ப்பு எழுது என்று அல்ல. உங்கள் டாக்டர் அந்த நடுவில் உள்ள வேலையைச் செய்யவில்லை.

உங்கள் கணக்கை உடைத்துப் பார்க்கலாம். தூக்கம், களைப்பு, பசி, மெதுவான அசைவு, கவனம் ஐந்தும் உடம்போடு ஒட்டியவை, அவற்றுக்கே 11 வருகிறது. ஆகவே உங்கள் எரிச்சல் நியாயம். ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிடம் இந்தக் குழப்பம் வரும் என்றுதான் 1983லேயே உடம்புக் கேள்விகளை வேண்டுமென்றே தவிர்த்து எச்ஏடிஎஸ் என்று வேறொரு தாள் தயாரித்தார்கள், 14 கேள்விகள், ஏழு பதற்றத்துக்கு, ஏழு சோர்வுக்கு. அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் மீதி 3 இருக்கிறதே. பிஎச்க்யூவின் முதல் இரண்டு கேள்விகள் நாட்டமின்மையும் மனச்சோர்வும்தான், அவசரத்துக்கு அந்த இரண்டை மட்டும் கேட்பதும் உண்டு. அதில் கவனிக்கவேண்டிய எல்லை 3. நீங்கள் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள். 14 என்பது ஊதிப்போன எண். அதற்காகப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டிக்குள் வரும் அழுகை அந்தத் தாளில் எங்குமே இல்லை, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான தகவல்.

வலியும் சோர்வும் ஒன்றையொன்று தூண்டும் என்பது உண்மை, அந்த அளவில் டாக்டர் சொன்னது பாதி சரி. மறுபாதியை விழுங்கிவிட்டார்.

நேர்ப்பேச்சு தம்பிக்கு: மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது, மறுக்கவில்லை. எல்லா உடம்புக்கும் ஒரே அளவு கிடையாது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு வாரா வாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறை பல காலம் பரிந்துரையில் இருந்தது, போனவர்களில் பலர் படுத்த படுக்கையானோம் என்றார்கள், 2021ல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டது. தெம்பு இருக்கும் நாளில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்து அடுத்த மூன்று நாள் விழாமல், தெம்பைப் பங்கு போட்டுச் செலவழிப்பதைத்தான் இப்போது சொல்லிக்கொடுக்கிறோம்.

பொத்தான்_சண்டை எழுதியது:

11 + 3. இப்படி யாரும் உடைத்துக் காட்டவில்லை. இரண்டு முறை படித்தேன். அந்த 3ஐப் பார்க்கத்தான் இத்தனை நாள் பயந்தேனோ என்னவோ, எல்லாமே நோய்தான் என்று நிரூபிக்கும் மும்முரத்தில் இருந்துவிட்டேன்.

சரி, ஆனால் அட்டவணை நீட்டாத ஆளை எங்கே தேடுவது?

உதட்டைப்பார் எழுதியது:

உங்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்றால் எங்களுக்கு ஆளும் வேண்டும், வழியும் வேண்டும். எனக்கு இரண்டு காதும் கேட்காது. முதல் கவுன்சலர் பேசிக்கொண்டே குனிந்து டிராயரில் பேனா தேடுவார், அவர் உதடு என் கண்ணிலிருந்து போய்விடும், நிமிரும்போது நான் எதற்காவது பதில் சொல்லவேண்டியிருக்கும். நான் அழ ஆரம்பித்தால் கண் கலங்கி உதடே தெரியாது, அப்போதுதான் அவர் மிக முக்கியமானதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

சைகை தெரிந்தவர் வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார்கள். என் பிரச்சினையே வீட்டோடுதான், அதை என் அக்கா கையால் மொழிபெயர்த்து எப்படிச் சொல்வது? கடைசியில் எழுத்து வழி அரட்டையில் பேசும் ஒருவரைப் பிடித்தேன். மெதுவாகத்தான் போகும், ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் பேசுவதில் பாதிகூடப் பேசமுடியாது. ஆனால் பழைய உரையாடலை மேலே தள்ளிப் படிக்கலாம், மோசமான இரவுகளில் அதைத்தான் படிக்கிறேன். காது கேட்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி எனக்குக் கிடைத்திருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூணுமணி எழுதியது:

புது ஐடி, இதற்காகவே திறந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்தத் தாளில் ஒன்பதாவது கேள்வி ஒன்று உண்டல்லவா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று. பொய்யாகப் பூஜ்ஜியம் போட்டேன். எதுவும் செய்துகொள்ளமாட்டேன். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், நாளைக்கு அந்த நாற்காலிக்குப் போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று வரும். உண்மையைப் போட்டால் என்ன செய்துவிடுவார்களோ என்ற பயம்தான். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள் வேறு.

வார்டுவாசி எழுதியது:

மூணுமணி, எழுதியது நல்லது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகாது என்பது தெரிந்த விஷயம். உயிரை விடவேண்டும் என்று தோன்றுகிறதா, இல்லை இந்த ஓட்டம் நின்றால் போதும் என்று தோன்றுகிறதா? எப்படி, எப்போது என்று மனம் யோசித்துப் பார்த்திருக்கிறதா? அடுத்த டயாலிசிஸைத் தவறவிடுவதென்று தீர்மானமாக இருக்கிறீர்களா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே மகளை எழுப்புங்கள், அல்லது உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பதிலை இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

இல்லை, மூன்று மணிக்கு வந்து விடிந்ததும் போகிற எண்ணம்தான் என்றாலும் டயாலிசிஸ் பிரிவில் தனியாகச் சொல்லுங்கள். "மகள் இல்லாமல் ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றால் போதும், எல்லா நர்ஸுக்கும் அது புரியும். இதைச் சொல்கிற எல்லோரையும் பிடித்து அட்மிட் செய்வதில்லை, பெரும்பாலும் உட்கார்ந்து பேசி, அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, எது கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு தாளில் சேர்ந்து எழுதுவோம். வீட்டில் மிச்ச மாத்திரைகள் சேர்ந்து கிடந்தால் இன்றைக்கே வேறொருவர் பொறுப்பில் கொடுங்கள்.

பக்கத்துக்கட்டில் எழுதியது:

நோயாளி நான் இல்லை, என் மனைவி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். மூணுமணியின் மகளைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் மனைவி திடீரென்று சிரிப்பாள், நிறுத்தமுடியாது, சிரிப்பு அப்படியே அழுகையாகும். துக்க வீட்டில் ஒருமுறை சிரித்துவிட்டாள், அதிலிருந்து வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். டிப்ரஷன் என்று மாத்திரை கூட்டினார்கள். நரம்பியல் மருத்துவர்தான் பிறகு சொன்னார், மூளையில் உணர்ச்சியை வெளிக்காட்டும் பாதையிலேயே பாதிப்பு, உள்ளே துக்கம் இல்லாமலே அழுகை வரும், அதற்குத் தனிப் பெயரும் தனி மருந்தும் உண்டு என்று. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதது மட்டும் நிஜ அழுகை. பொத்தான் அக்கா, உங்களுடையது இதுதான் என்று சொல்லவில்லை. அழுகையில் இத்தனை ரகம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் என்னைப் பற்றி ஒரு வரி. ஆறு வருடமாக எல்லா ஆஸ்பத்திரிக்கும் நான்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிறேன். "நீங்க எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டது ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட். பதில் சொல்லவரவில்லை, பார்க்கிங் சீட்டைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

நேர்ப்பேச்சு எழுதியது:

முதலில் எழுதியதற்கு மன்னிப்பு. அம்மாவுக்கு சுகர், பத்து வருடமாக நான்தான் "மனசு வைம்மா, மனசு வைம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் இப்போதெல்லாம் ரீடிங்கை என்னிடம் காட்டுவதில்லை. அதை இப்போதுதான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

நிலாமுகம் எழுதியது:

@நேர்ப்பேச்சு அதற்கும் 'நீரிழிவு மன உளைச்சல்' என்று பெயர் இருக்கிறது. சுகரைத் தினமும் கட்டிமேய்ப்பதால் வரும் சலிப்பையும் குற்ற உணர்வையும் அளக்கவே 1995ல் ஒரு கேள்வித்தாள் வந்தது. அது மனச்சோர்விலிருந்து வேறு, சுகர் பாரத்தோடேயே வருவது. அம்மாவிடம் நம்பர் எவ்வளவு என்று கேட்காமல், இதில் எதும்மா ரொம்பக் கடுப்பா இருக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

வார்டுவாசி எழுதியது:

கவுன்சலர் தேடுவது பற்றி அக்கா கேட்டது பாக்கி இருக்கிறது.

முதலில் அந்த அட்டவணைக்காக ஒரு வார்த்தை. அது எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிபிடி முறை, முறையில் தப்பில்லை, உங்களுக்கு அதைத் தப்பான வரியில் வைத்தார்கள். 'வலி போகப்போவதில்லை' என்பது உண்மையாக இருக்கலாம், அதை விட்டுவிடவேண்டும். அந்த வரிக்குப் பின்னால் 'அதனால் நான் யாருக்கும் பிரயோஜனமில்லை' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும் பாருங்கள், வேலை அங்கேதான். அனுபவமுள்ளவர் முதல் வரியைத் தொடமாட்டார், இரண்டாவதைப் பிடிப்பார். ஏசிடி என்று இன்னொரு முறை உண்டு, வலியை விரட்டும் போரில் எல்லாத் தெம்பையும் கொட்டாமல், வலி இருக்கும்போதே எது முக்கியமோ அதைக் கொஞ்சம் செய்வது. பலருக்கு அது ஒத்துப்போகிறது.

முதல் நாளுக்கு முன் போனிலேயே கேளுங்கள். நீண்டகால நோய் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, உடம்பு முடியாத நாளில் ரத்து செய்தால் காசு பிடிப்பீர்களா, அன்றைக்குப் போன் வழி மாற்றலாமா, படி உண்டா, எழுந்து நடக்கவோ படுக்கவோ விடுவீர்களா. பதிலைவிட, கேட்டதும் அவர் எரிச்சல்படுகிறாரா என்று பாருங்கள். நோயையே குணமாக்கித் தருகிறேன் என்றால் வைத்துவிடுங்கள்.

மருந்து பக்கம் போனால் மனநல மருத்துவரிடம் மூட்டு மாத்திரைகள் அத்தனையும் சொல்லவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகையோடு ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிராமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் வேறு சிக்கல். டுலாக்செடின் போன்ற சில மருந்துகள் சோர்வுக்கும் சிலவகை வலிக்கும் சேர்த்தே உதவும். எதுவாக இருந்தாலும் நான்கு, ஆறு வாரம் பொறுக்கவேண்டும். இரண்டு டாக்டரும் பேசிக்கொள்ளவேண்டும் என்பது வெறும் ஆசை இல்லை. சுகரோ இதயநோயோ இருந்து மனச்சோர்வும் உள்ள 214 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2010ல் வந்தது, ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் ஒரே கையில் பிடித்துத் தொடர்ந்தபோது மனமும் தேறியது, சுகரும் பிரஷரும்கூடத் தேறின. உங்களுக்கு அப்படி நர்ஸ் கிடைக்காவிட்டால் ஒரே தாளில் எல்லா மருந்தையும் எழுதி இருவரிடமும் நீட்டுங்கள், அதுவே பாதி வேலை.

மூணுமணி எழுதியது:

நேற்று சொல்லிவிட்டேன். ஊசி குத்திக்கொண்டிருந்தபோது சொன்னதால் நர்ஸுக்குக் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் "முடிச்சிட்டு வர்றேன், இருங்க" என்றார், வந்தார். மாத்திரை டப்பா இப்போது தம்பி வீட்டில். நாளை மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் நாற்காலிக்கே வந்து பார்ப்பாராம், நான்கு மணி நேரம் எப்படியும் எங்கும் ஓடமுடியாது.

பொத்தான்_சண்டை எழுதியது:

மூணுமணி, உங்களுக்காக நேற்று முழுக்க இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

என் பக்கம்: தைராய்டும் பி12உம் எழுதி வாங்கினேன், பி12 கொஞ்சம் குறைவு. மூன்று பேருக்குப் போன் செய்தேன். முதலாமவர் ரத்து விதி பற்றிக் கேட்டதும் "மொதல்ல வாங்க, பார்த்துக்கலாம்" என்றார், வைத்துவிட்டேன். இரண்டாமவர் ஆறு வாரத்தில் வலியை மறக்க வைப்பாராம். மூன்றாமவர் நான் கேட்டு முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, "காலையில உங்களுக்கு எத்தனை மணிக்கு விரல் வேலை செய்யும்? அதுக்கப்புறம் நேரம் போடலாம்" என்றார். ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

வியாழன் பதினொரு மணி.

நாலுசக்கரம் எழுதியது:

படி உண்டா என்று கேட்டீர்களா?

பொத்தான்_சண்டை எழுதியது:

கேட்டேன். தரைத்தளம்தான், வாசலில் சரிவுப் பாதையும் இருக்கிறதாம். கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று வியாழக்கிழமை உங்களுக்காக டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்கிறேன்.